எம்.ஜி.பி.க்கு இன்ஜெக்‌ஷன் போட்ட கதை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற எஸ்.யு. கார்புரேட்டர் மோசமான சாமான் இல்லை. என்னுடைய 1965 எம்.ஜி.பி. என்கிற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து இரண்டு எஸ்.யு.வையும் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் கணக்குப்படி பெட்ரோலைப் பீய்ச்சுகிற, புரோகிராம் செய்யக்கூடிய இன்ஜெக்‌ஷன் போட்டிருக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து, பழைய கார் வைத்திருக்கிற நண்பர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள், மீதிப் பேர் தங்கள் வண்டிக்கும் அதே மாதிரி போட முடியுமா என்று கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான், கொஞ்சம் நீளமான பதில்.

எஸ்.யு. வேலை செய்கிற விதமே அழகு. காற்று போகிற வழியில் ஒரு பிஸ்டன், அதன் அடியில் நுனி கூம்பிய ஒரு ஊசி, ஊசி இறங்குகிற ஒரு ஜெட். இன்ஜின் காற்றை இழுக்க இழுக்க பிஸ்டன் மேலே எழும்பும், ஊசியும் கூடவே எழும்பும், ஜெட்டில் இடைவெளி கூடும், பெட்ரோல் கூடும். அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு முந்தைய யோசனை, இன்றைக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிக்ஸிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க பிஸ்டனை லேசாகத் தூக்கிப் பார்த்தால் போதும். சத்தம் ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் துவண்டால் குறைவு, ஒரு நொடி ஏறிவிட்டுப் பழைய நிலைக்கு வந்தால் சரி.

கொசப்பேட்டையில் எனக்கு வேலை செய்து கொடுக்கிற பாய்க்கு இதெல்லாம் அத்துப்படி. அம்பாசடர் காலத்து ஆள். அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்.ஜி.பி.யின் 1798 சிசி இன்ஜினும் ஒரே குடும்பம், இரண்டுமே பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி-சீரிஸ். பானட்டைத் திறந்து பார்த்ததும் பாய் சிரித்துவிட்டார். "அம்பாசடர் இன்ஜின்தான தம்பி இது, கொஞ்சம் பெருசு பண்ணி ரெண்டு கார்புரேட்டர் போட்டிருக்கான்" என்றார். வேலூரில் இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு நான் தைரியமாக இருப்பதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

அப்படியிருக்க ஏன் மாற்றினேன்? வெயில்தான். இந்த இன்ஜினில் காற்று உள்ளே போகிற இன்லெட்டும் புகை வெளியே வருகிற எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் இரண்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒரு தகடு மட்டும் மறைப்பு. ஓடும்போது காற்று அடிப்பதால் பிரச்சினை இல்லை, நிறுத்தினால்தான் வினை. கத்திரி வெயிலில் ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்கும், அடிக்கும், அடித்துக்கொண்டே இருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கிற கிண்ணமான ஃபிளோட் சேம்பரிலேயே அது கொதித்துப் போயிருக்கும், பைப்பில் ஆவி நிற்கும். பானட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையிலும், கிரீன் சர்க்கிள் நெரிசலிலும் இதே கதை. இங்கிலாந்தில் யோசித்துச் செய்த காருக்கு 42 டிகிரி வெயிலில் நிற்பது எப்படி என்று தெரியாது, அதைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இதோடு பெட்ரோலும் மாறிவிட்டது. 2023 பிப்ரவரியில் தொடங்கி, இப்போது பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். சுத்தமான பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால், இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். கார்புரேட்டருக்கு இது தெரியாது. ஊசி பழைய கணக்குப்படிதான் பெட்ரோலை விடும், ஆக இன்ஜின் ஏழெட்டு சதவீதம் ஒல்லியான கலவையில் ஓடும், சூடு இன்னும் ஏறும். ஊசியை மாற்றலாம், செய்தும் பார்த்தோம், ஐடிலிங் நன்றாக இருந்தது, ஓட்டமும் நன்றாக இருந்தது. கொதிக்கிற பெட்ரோலுக்குத்தான் எந்த ஊசியும் மருந்தில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் சீக்கிரமே ஆவியாகும்.

ஒரிஜினல் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு: பாடியிலோ இன்ஜினிலோ எதையும் வெட்டவில்லை, துளை போடவில்லை. கார்புரேட்டர், மேனிஃபோல்டு, லிங்கேஜ், பழைய பம்ப் எல்லாம் எண்ணெய் தடவிப் பெட்டியில் இருக்கின்றன, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு வார இறுதியில் திரும்பப் பூட்டிவிடலாம். இன்னொரு காரணமும் உண்டு. தயாரிப்பாளர் சொன்னபடி இல்லாமல் வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளும் சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும் என்கின்றன. அதனால் ஆரம்பிப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். எனக்கு என்ன முக்கியம் என்றால், இந்தக் கார் ஓட வேண்டும். ஷெட்டில் துணி போர்த்தி வைப்பதற்காக நான் இதை வாங்கவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். இன்ஜெக்‌ஷன் என்றதும் எல்லோரும் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வேலை தொடங்குவது பெட்ரோல் டாங்கில். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் டிக் டிக் என்று அடிக்கிற பழைய எஸ்.யு. பம்ப் சுமார் 3 பி.எஸ்.ஐ. அழுத்தம் கொடுக்கும். இன்ஜெக்‌ஷனுக்கு 3 பார், அதாவது 43 பி.எஸ்.ஐ.க்கு மேலே, பதினான்கு மடங்குக்கும் அதிகம். அதே பழைய ரப்பர் ஹோஸ், அதே கிளிப் என்று விட்டுவிட்டால் என்றாவது ஒருநாள் பழுத்த எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் பீய்ச்சும், அவ்வளவுதான், கார் போச்சு. டாங்கிலிருந்து முன்பக்கம் வரை புது உலோகக் குழாய், வளைகிற இடத்தில் மட்டும் இன்ஜெக்‌ஷனுக்கென்றே வருகிற ஆர்9 ரக ஹோஸ், அதற்கென்று உள்ள விளிம்பு மழுங்கிய கிளிப். கடையில் "இதுவும் பெட்ரோல் ஹோஸ்தான் சார்" என்று எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள், ஹோஸ் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பங்கில் போடுவது இ20 என்பதால் அதைத் தாங்குகிற ரப்பராகவும் இருக்க வேண்டும்.

அப்புறம் ரிட்டர்ன் லைன். என் பிரச்சினைக்கு மருந்து உண்மையில் இங்கேதான் இருக்கிறது. பம்ப் எப்போதும் வேண்டியதைவிட அதிகமாகவே பெட்ரோலைத் தள்ளும், இன்ஜின் எடுத்துக்கொண்டது போக மிச்சம் டாங்குக்கே திரும்பிவிடும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஒரு சொட்டும் தேங்கி நிற்காது. 3 பார் அழுத்தத்தில் இருப்பதால் கொதிநிலையும் நன்றாக ஏறிவிடும். கம்ப்யூட்டர், சென்சார் எல்லாம் அப்புறம், வெயிலை ஜெயித்தது இந்த ரிட்டர்ன் குழாய்தான்.

பழைய டாங்கில் இன்ஜெக்‌ஷன் பம்புக்கு வேண்டிய தடுப்புத் தகடுகள் இருக்காது. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும். அதனால் நடுவில் ஒரு சின்ன சர்ஜ் டாங்க் வைத்தோம். பழைய எஸ்.யு. பம்ப் மாதிரி ஒரு சின்ன பம்ப் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும், பெரிய பம்ப் அதிலிருந்து எடுக்கும். விபத்து நடந்தால் பம்பை நிறுத்துகிற சுவிட்சும் கண்டிப்பாக வேண்டும். இன்ஜின் சுற்றவில்லை என்றால் இ.சி.யு.வே (பெட்ரோல் அளவைக் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர்) பம்பை நிறுத்திவிடும், ஆனாலும் தனியாக ஒன்று இருக்கட்டும்.

மின்சாரம் அடுத்த தலைவலி. 1965 எம்.ஜி.பி.யில் பாசிட்டிவ்தான் எர்த். அதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றாமல் எந்த இ.சி.யு.வையும் தொட முடியாது. கூடவே டைனமோவும் போக வேண்டும். அது உச்சத்தில் கொடுப்பதே 22 ஆம்பியர், ஐடிலிங்கில் அதுவும் கிடையாது, ஹெட்லைட்டோடு இன்ஜெக்‌ஷன் பம்பும் சேர்ந்தால் பாட்டரி காலி. மாருதி ஆல்டர்னேட்டர் ஒன்றைத் தட்டிக் கட்டிப் பொருத்தினார் பாய். இ.சி.யு., சென்சார்கள் இரண்டின் எர்த்தையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்து, பெயிண்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்து முடுக்கினோம். பழைய கார்களில் பாதி வியாதி எர்த் வியாதி என்று பாய் சொல்வார், இந்தக் காரைப் பொறுத்தவரை பாதிக்கும் மேல்.

கிராங்க் எங்கே இருக்கிறது என்று இ.சி.யு.வுக்குத் தெரிய ஒரு பல்சக்கரம் வேண்டும். 36 பல்லுக்கு இடம், அதில் ஒன்றை விட்டுவிட வேண்டும், பல்லுக்குப் பல் 10 டிகிரி. அந்தக் காலி இடம் சென்சாரைத் தாண்டும்போது இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று கணக்கு கிடைத்துவிடும். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். தோல் தொழிற்சாலை மெஷின்களுக்கும் பாய்லர் வேலைக்கும் சாமான் கடைகிற இடம், கை சுத்தம். லேத்காரர் சக்கரத்தைப் புல்லியில் பூட்டி, டயல் கேஜை வைத்து, கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். முள் ஒரு இடத்தில் துளி ஆடியது. எங்களுக்கு அது போதும் என்றுதான் தோன்றியது. அவர் ஒன்றும் பேசாமல் கழற்றி, உட்காரும் முகத்தை மறுபடி ஒரு இழை சீவி, திரும்பப் பூட்டிச் சுற்றினார். முள் அசையவில்லை. சென்சாருக்கும் பல்லுக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி என்பதால் அந்த ஒரு இழைக்கு மதிப்பு உண்டு.

இனி இந்த இன்ஜினுக்கே உரிய சிக்கல். இதைப் புரிந்துகொள்ளாமல் பி-சீரிஸ் இன்ஜினுக்கு இன்ஜெக்‌ஷன் போடவே கூடாது. ஹெட்டில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து இன்லெட் போர்ட் (காற்று உள்ளே போகிற வாய்) இரண்டுதான். 1-க்கும் 2-க்கும் ஒன்று, 3-க்கும் 4-க்கும் ஒன்று. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் முறைவைத்து எரிகிற வரிசை) 1-3-4-2. அதாவது 2 காற்றை இழுத்து முடித்த உடனே, அதே போர்ட்டிலிருந்து 1 இழுக்கும். அடுத்து அந்தப் போர்ட்டுக்கு ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று ஓய்வு. அந்தப் பக்கம் 3 முந்தும், 4 பிந்தும். வழக்கம்போல, பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரை வால்வுக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? ஓய்வு நேரத்தில் பீய்ச்சிய பெட்ரோல் போர்ட்டிலேயே தேங்கி நிற்கும். முதலில் வருகிற 2-ம் 3-ம் அதை வாரிக்கொண்டு போய்விடும், பின்னால் வருகிற 1-க்கும் 4-க்கும் வெறும் காற்றுதான் மிச்சம். பந்தியில் முந்திக்கொண்டவனுக்கே பாயசம் என்கிற கதை.

இதில் ஆபத்து என்னவென்றால், எக்ஸாஸ்ட்டில் எல்லாக் குழாயும் சேர்ந்த பிறகு ஒரு ஆக்ஸிஜன் சென்சார் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். இரண்டில் அதிகம், இரண்டில் குறைவு, சராசரி கச்சிதம். உள்ளே இரண்டு பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும்.

நல்லவேளையாக இந்த ஹெட்டின் எக்ஸாஸ்ட் அமைப்பே இதைக் கண்டுபிடிக்க வழியும் வைத்திருக்கிறது. எக்ஸாஸ்ட் போர்ட் மூன்று. 1-க்குத் தனி, 4-க்குத் தனி, நடுவில் 2-ம் 3-ம் சேர்ந்து. முந்திக்கொள்கிற இரண்டு சிலிண்டரின் புகையும் நடுக் குழாயில்தான் வரும், ஏமாந்த சிலிண்டரின் புகை முன் குழாயில் தனியாக வரும். இரண்டு குழாயிலும் ஒரு நட்டு வெல்டிங் வைத்து, கலவையைத் துல்லியமாக அளக்கிற இரண்டு வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரைப் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் அளந்தோம். இந்த யோசனை காட்பாடியில் பொறியியல் படித்தபோது கல்லூரி ஃபார்முலா ஸ்டூடண்ட் (மாணவர்கள் ரேஸ் கார் செய்து போட்டியிடுவது) அணியில் இருந்த ஒரு தம்பியுடையது. இ.சி.யு. வேலை முழுக்க அவன் கையில்தான். வித்தியாசம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று முதலில் இன்ஜெக்டரைப் போர்ட் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தான். திரையில் இரண்டு கோடும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போனது பயமாகவே இருந்தது. பிளக்கைக் கழற்றினால் நடுவில் இரண்டும் கறுப்பு (பெட்ரோல் அதிகம்), ஓரத்தில் இரண்டும் வெள்ளை (குறைவு).

இந்த வேலையை இரண்டு விதமாகச் சரிசெய்யலாம். ஒன்று, 2-க்கு ஒரு தடவை, 1-க்கு ஒரு தடவை என்று நேரம் பார்த்துத் தனித்தனியாகப் பீய்ச்சுவது. இதே ஐந்து போர்ட் ஹெட் கொண்ட மினி காருக்கு 1996-ல் வந்த இரட்டை இன்ஜெக்டர் முறை இந்த வகைதான். ஆனால் 6000 சுற்றில் இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற நேரம் வெறும் 5 மில்லிசெகண்ட், அதற்குள் ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடங்க வேண்டும். இன்னொரு வழி, இன்ஜெக்டரை வால்வைவிட்டு முடிந்த அளவு பின்னால் தள்ளி, த்ராட்டில் தகட்டுக்கு முன்னாலேயே வைத்துவிடுவது. காற்றோடு பெட்ரோல் நன்றாகக் கலந்தே உள்ளே போகும், முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் ஒரே கலவை. யோசித்துப் பார்த்தால் கார்புரேட்டரும் இதைத்தான் செய்தது. நாங்கள் இரண்டாவது வழியில் போனோம். எஸ்.யு. இருந்த இடத்திலேயே, அதே அளவு வாய் வைத்து இரண்டு த்ராட்டில் பாடி, அதன் முகப்பில் ஆளுக்கொரு இன்ஜெக்டர். இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்துவிட்டன. முழுக்க ஒன்றாகவில்லை, இந்த ஹெட்டில் அது நடக்கவும் நடக்காது.

இன்ஜெக்டர் அளவு பற்றி நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள், கணக்கு சுலபம்தான். 95 குதிரைத்திறன் இன்ஜின் முழு வேகத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 485 சிசி பெட்ரோல் குடிக்கும். இரண்டு இன்ஜெக்டர் என்றால் ஆளுக்கு 240 சொச்சம். 80 சதவீத நேரத்துக்கு மேல் இன்ஜெக்டரைத் திறந்து வைக்கக்கூடாது என்பதால் 300 சிசி. இ20-க்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் பெரிதாகப் போட்டால் ஐடிலிங்கில் அவஸ்தை.

இ.சி.யு. ஸ்பீடுயினோ. ஆர்டுயினோ மெகா போர்டின் மேல் ஓடுகிற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த திட்டம். எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று சொல்கிற அட்டவணையில் 16-க்கு 16, மொத்தம் 256 கட்டம். ஒரு பக்கம் இன்ஜின் சுற்று, இன்னொரு பக்கம் மேனிஃபோல்டு அழுத்தம். விடியற்காலையில் கணியம்பாடி வழியாகத் திருவண்ணாமலை ரோட்டில் நான் ஓட்ட, தம்பி மடியில் லேப்டாப்போடு பக்கத்தில். "அண்ணா, இதே 2500-லயே பிடிங்க... பிடிங்க... கொஞ்சம் மிதிங்க, போதும்." ஒவ்வொரு கட்டமாக, நிதானமாக. லாம்ப்டா என்பது முழுமையாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு காற்று இருக்கிறது என்கிற கணக்கு, 1-க்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம். சீரான ஓட்டத்தில் லாம்ப்டா ஒன்றுக்குப் பக்கத்தில், முழு மிதியில் 0.87 போல. காற்று-பெட்ரோல் விகிதத்தைப் பார்க்காமல் லாம்ப்டாவைப் பாருங்கள், எத்தனால் எவ்வளவு கலந்திருந்தாலும் லாம்ப்டா குழப்பாது.

ஏலகிரி ஏறியதும் நல்ல சோதனை. கீழே 98 கிலோபாஸ்கல் காட்டிய வெளிக்காற்றின் அழுத்தம், 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போனதும் 89-க்கு வந்துவிட்டது. இன்ஜினுக்கு அது தெரிந்தமாதிரியே இல்லை, ஐடிலிங் மாறவில்லை, பிளக் கறுக்கவில்லை. வளைவுகளில் சர்ஜ் டாங்க்கும் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

பலன் என்ன? குதிரைத்திறன் பெரிதாகக் கூடவில்லை, அதற்காகச் செய்கிறவர்கள் செய்ய வேண்டாம், அந்தக் காசை ஹெட் வேலைக்குப் போடுங்கள். பிக்கப் சீராக இருக்கிறது, சோக் இழுக்க வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது வேறு. மே மாதம் மத்தியானம் ஆம்பூரில் நிறுத்தி, சாப்பிட்டு, இன்ஜின் சூடு உச்சத்தில் இருக்கிற நேரம் பார்த்துச் சாவியைத் திருப்பினேன், பம்ப் ஒரு நொடி முனகியது, முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. பாய் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா காது வச்சு மிக்ஸிங் பாக்குற வேலை போச்சே" என்றார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. வேகமாக மிதிக்கும்போது இரண்டு எஸ்.யு.வும் சேர்ந்து காற்றை உறிஞ்சுகிற அந்தச் சத்தம் இப்போது இல்லை.

இக்னிஷன் இன்னும் பழைய டிஸ்ட்ரிபியூட்டர், பாயிண்ட் செட்தான். பல்சக்கரம் இருப்பதால் அதையும் இ.சி.யு.வுக்குக் கொடுத்துவிடலாம், மழை முடிந்ததும் பார்க்கலாம் என்றிருக்கிறோம். டேக்கோமீட்டர்தான் யோசனை, அது பழைய காயில் மின்சாரத்தை வைத்து முள்ளை ஆட்டுகிறது, அதற்கு ஒரு சின்ன சர்க்யூட் செய்ய வேண்டியிருக்கும்.

தங்கள் வண்டிக்கும் போட வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் உங்கள் எஸ்.யு.வின் த்ராட்டில் ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த வழியாகக் காற்று இழுக்கிறது, எந்த மெக்கானிக்காலும் ஐடிலிங்கை நிற்க வைக்க முடியாது. புஷ் மாற்றி, புது ஊசி, புது ஜெட் போட்டு, டேம்பரில் எண்ணெய் ஊற்றி, ஹீட் ஷீல்டைச் சரியாகப் பொருத்தி ஒரு கோடைக்காலம் ஓட்டுங்கள். நிறைய வண்டிக்கு அதுவே போதும். அதற்கப்புறமும் சூட்டில் நின்றுபோனால் சொல்லுங்கள், ஹோஸ் எங்கே வாங்கினோம், லேத் எங்கே என்று விவரம் தருகிறேன்.